எட்டுக்கு மேல்

அந்தத் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் பெரியம்மாதான். பால் ஊற்றுகிறவர்கூட வாசலில் நின்று, "பெரியம்மா, பால்!" என்றுதான் குரல் கொடுப்பார். அவருக்கு அவளைவிடப் பத்து வயது கூடுதல். அதைப் பற்றி இரண்டு பேருமே கவலைப்பட்டதில்லை.

வீட்டின் முன்னறையிலும் அடுத்த கூடத்திலுமாக அவள் குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள்; மாலையில் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். உரிமத்தில் எட்டுக் குழந்தைகள் என்று போட்டிருந்தது. எட்டுக்கு மேல் ஒன்று கூடினால் உரிமம் போய்விடும். ஒன்று குறைந்தால் பெரியம்மாவுக்கு உயிரே போய்விடும்.

அதனால் நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருப்பாள். செருப்பைக் கழற்றும்போது ஒரு தடவை, கை கழுவும்போது ஒரு தடவை, தூங்கப் போடும்போது, எழுப்பும்போது. எண்ணுவதற்கு அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. பெரியம்மா ஒவ்வொரு தலையாகத் தொட்டு ஒன்றிலிருந்து எட்டு வரை வருவாள். எட்டானதும் நிமிர்ந்து கதவைப் பார்ப்பாள். கதவருகே நிற்கிற அத்தையும் மனசுக்குள் எண்ணி முடித்து, "சரி" என்பாள். அந்தச் சரி காதில் விழுந்த பிறகுதான் அடுத்த வேலை ஓடும். இந்த வீட்டுப் பிள்ளை ஒன்று பள்ளிக்கூடத்தில் எட்டுக்கு மேல் எண்ண மறுத்து, எட்டு வந்ததும் வகுப்பறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றதாக ஒரு தாய் வந்து முறையிட்டதும் உண்டு.

அத்தை என்றால் குழந்தைகளுக்கு அத்தை. பெரியம்மாவுக்கு நாத்தனார், வீட்டுக்காரரின் ஒரே தங்கை. பெரியம்மா மணமாகி இந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது, தாயில்லாத பதினொரு வயதுப் பெண்ணாகக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு புது அண்ணிக்கு நாக்கைத் துருத்திக் காட்டியவள். இப்போது அவளுக்கே காதோரம் நரை. இடையில் வந்த வரன்களையெல்லாம், "அண்ணிக்கு ஒத்தாசைக்கு யாரு?" என்று தட்டிக் கழித்துவிட்டாள். கடைசியில் மனைவியை இழந்த ஒரு மருந்துக் கடைக்காரரிடம் மனசு இளகிவிட்டது. கடை பக்கத்து ஊரில். "காய்ச்சல் மருந்து வாங்கப் போனவ கடைக்காரரையே வாங்கிட்டு வந்துட்டா" என்பார் அவள் அண்ணன். பதிவு அலுவலகத்தில் தேதிகூட வாங்கியாயிற்று.

தேதி வாங்கிய பிறகுதான் சிக்கலே தெரிந்தது.

காப்பகத்துக்கு ஆண்டுதோறும் வருகிற ஆய்வாளர் அம்மா அன்று கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, பளபளவென்று லேமினேட் செய்த ஒரு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரே பெரியப்பா. பெரியம்மாவின் வீட்டுக்காரர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இது என்னங்க?"

"சி.பி.ஆர். சர்டிபிகேட். நின்னுபோன இதயத்தைக் கையால அழுத்தி ஓட வைக்கிறாங்களே, அது. தங்கச்சிக்கு ஏற்கெனவே இருக்கு. அவ போறா இல்லையா, அதான் இவளுக்கும் போன்லயே முடிச்சிட்டோம். இருபது கேள்வி. இருபதும் சரி!"

"பதில் சொன்னது யாரு?"

பெரியப்பா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். "படிச்சது நான். பதில் சொன்னதும் நான்தான். ஆனா, ஒவ்வொண்ணுக்கும் இவ பக்கத்துல நின்னு தலையாட்டினா."

"துணி காயப்போட்டுக்கிட்டே ஆட்டினேன்" என்றாள் பெரியம்மா. பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"இது செல்லாதுங்க" என்று ஆய்வாளர் காகிதத்தை மேஜையில் வைத்தார்.

"கீழ பாருங்களேன். 'எங்கும் ஏற்கப்படும்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

"போட்டது யாரு? வித்தவங்க. ஏத்துக்க வேண்டியது மாநில அரசு. மாப்பிள்ளை தங்கமானவர்னு மாப்பிள்ளையே எழுதிக் குடுத்தா பொண்ணைக் குடுத்துடுவீங்களா?"

அடுக்களைக் கதவருகே நின்ற அத்தைக்கு இருமல் வந்துவிட்டது.

ஆய்வாளர் நிதானமாகச் சொன்னார்: "பாடத்தை வீட்டுல படிக்கலாம், தப்பில்லை. ஆனா கையால செஞ்சு காட்டணும். மாநிலம் ஒப்புக்கிட்ட இடத்துல, சொல்லிக் குடுக்கிறவர் முன்னாடி, தரையில முட்டி போட்டு. பெரியவங்களுக்கு, குழந்தைக்கு, கைக்குழந்தைக்குன்னு மூணுக்கும் தனித்தனியா. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்."

"பெரியவங்களுக்கு எதுக்குங்க? இங்க இருக்கிறது எல்லாம் பொடிசு."

"நீங்க இல்லையா?" என்று பெரியப்பாவைப் பார்த்தார் ஆய்வாளர். பெரியப்பா தன்னையறியாமல் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "முக்கியமானது இதுதான். பிள்ளைங்க வீட்டுல இருக்கிற நேரம் முழுக்க சர்டிபிகேட் உள்ள ஒருத்தர் கூடவே இருக்கணும். இப்ப உங்க நாத்தனார் இருக்காங்க. அவங்க போன மறுநாள், நீங்க பாஸ் பண்ணியிருந்தா கதவு திறந்திருக்கும். இல்லைன்னா சாத்திடணும். எனக்கும் உங்க மேல பிரியம்தான் பெரியம்மா. ஆனா விதிக்குப் பிரியம் கிடையாது."

அவர் போனதும் அத்தை அந்தக் காகிதத்தை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நீ லேமினேட் வேற பண்ணி வெச்சிருக்கே அண்ணா." பிறகு அண்ணியைப் பார்த்துச் சொன்னாள்: "நல்லா கேட்டுக்குங்க. நீங்க பாஸ் பண்ணாம நான் இந்த வீட்டுப் படி இறங்க மாட்டேன். எட்டுப் பிள்ளைங்களை நடுத்தெருவுல நிறுத்திட்டு எனக்கு ஒரு கல்யாணமா?"

சொன்னால் செய்கிறவள் அவள்.

*

பயிற்சி வகுப்பு, தீயணைப்பு நிலையத்தின் மாடியில் ஒரு நீள அறை. தரையில் பாய்கள், பாய்க்கு ஒன்றாக இடுப்புவரை மட்டும் உள்ள பொம்மைகள், வாயைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு. கற்றுக்கொடுத்தவர் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறவர். ஆளைப் பார்த்தால் யானை, குரலைக் கேட்டால் குயில். உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிற ஒருவர், பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்காருகிற பெண், இன்னும் நாலைந்து பேர். மதியத்துக்குள் ஆம்புலன்ஸ்காரர் உட்பட அத்தனை பேருக்கும் அவள் பெரியம்மா ஆகியிருந்தாள்.

"முதல்ல தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பாக்கணும், பெரியம்மா."

பெரியம்மா பொம்மையின் தோளைத் தட்டினாள். "கண்ணு, எழுந்திரு கண்ணு. விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு பாரு."

"இது அம்பது வயசு ஆளு."

"இருக்கட்டுமே. அம்பது வயசு ஆளையும் ஒருத்தி கண்ணுன்னு கூப்பிட்டிருப்பா இல்ல?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "அழுத்துங்க" என்றார். நெஞ்சின் நடுவில் ஒரு கை, அதன் மேல் மறு கை, முழங்கை மடங்கக் கூடாது. இரண்டு அங்குலம் இறங்கினால் பொம்மைக்குள்ளிருந்து டிக் என்று சத்தம் வரும். பெரியம்மா அழுத்தினாள். சத்தம் வரவில்லை. மறுபடி. வரவில்லை.

"நீங்க தட்டிக் குடுக்கிறீங்க பெரியம்மா. அவர் ஏற்கெனவே தூங்கிட்டாரு. நாம எழுப்பணும்."

"வலிக்காதா?"

"வலிச்சு அவர் எழுந்து உங்களைத் திட்டினா, அதைவிட நமக்குச் சந்தோஷம் உண்டா?"

அது அவளுக்குச் சரியாகப் பட்டது. முட்டியை ஊன்றி, உடம்பின் பாரத்தைக் கையில் இறக்கினாள். டிக். "அப்படித்தான்!" டிக், டிக். கைக்குழந்தைப் பொம்மையை அவள் எடுத்த பாங்கைப் பார்க்க அறையே கூடிவிட்டது; கழுத்தும் தலையும் அவ்வளவு பதமாகக் கைக்குள் உட்கார்ந்தன. எல்லாம் முறையாகச் செய்துவிட்டு, கடைசியில் இரண்டு மூச்சு ஊதினாள். ஊதின கையோடு பொம்மையைத் தோளில் சாய்த்து, ஏப்பம் வருகிறதா என்று முதுகைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். உடற்பயிற்சிக் கூடக்காரர் சிரித்துச் சிரித்துப் பாயிலேயே சாய்ந்துவிட்டார்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. பிறகு வந்ததுதான் முழுச் சோதனை. முப்பது அழுத்து, இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. வாய்விட்டு எண்ண வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." டிக் டிக் என்று பொம்மை கூடவே பதில் சொன்னது. "ஏழு, எட்டு."

நின்றாள். நிமிர்ந்து கதவைப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"நிறுத்தலையே!"

"மறுபடி பண்ணுங்க."

மறுபடியும் எட்டு. மறுபடியும் கதவு. பல் மருத்துவமனைப் பெண்ணும் கதவைத் திரும்பிப் பார்த்தாள், யாரோ வருகிறார்கள் போலிருக்கிறது என்று. மூன்றாம் முறையும் கை தானாக நின்றபோது பெரியம்மாவுக்கே திகைப்பாகிவிட்டது. வண்டி மாடு வழக்கமான வாசலில் நிற்குமே, அந்த மாதிரி.

ஆம்புலன்ஸ்காரர் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அந்த நேரத்துல ரத்தம் ஓடுறதே உங்க கையாலதான். நீங்க நின்னா அதுவும் நின்னுடும். கதவைப் பாக்கல்லாம் நமக்கு நேரமில்லை. மத்தது எல்லாம் நல்லா பண்ணினீங்க. ஆனா இதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. அடுத்த சனிக்கிழமை வாங்க."

மாடிப்படி இறங்கும்போது பெரியம்மாவின் நெஞ்சுக்குள் சின்னதாக, "அப்பாடா" என்றது. எதற்கு அப்பாடா? பாதிப் படியில் நின்றுவிட்டாள். தோற்றுப்போனால் நாத்தனார் போகமாட்டாள். அதுதானா? தன் மனசைத் தானே கையும் களவுமாகப் பிடித்த வெட்கத்தில், கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினாள்.

*

"எட்டுல நின்னுட்டேன்" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

பெரியப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நான் பஸ்ஸை முப்பது ஸ்டாப்பு கொண்டு போய்த் திருப்பிக் கொண்டாருவேன். இவளுக்கு எட்டாவது ஸ்டாப்புலயே டிப்போ வந்துடுச்சு!"

"நீங்க பேசாதீங்க. மின்விசிறியைப் பாத்துப் பரீட்சை எழுதின ஆளு."

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பயிற்சிதான். பெரியப்பா தன் நெஞ்சையே கொடுக்க முன்வந்தார். "உயிரோட இருக்கிறவங்க மேல இதைப் பண்ணக் கூடாது அண்ணா, விலா எலும்பு போயிடும்" என்று அத்தை அவரை விரட்டிவிட்டு, உருட்டுத் தலையணை ஒன்றைக் கூடத்தில் போட்டாள். "பதினொண்ணுல ஆரம்பிச்சுப் பாருங்களேன், அண்ணி." பெரியம்மா பதினொன்றில் ஆரம்பித்தாள். பதினெட்டில் நின்றாள்.

மறுநாள் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொண்டது. மதியத் தூக்கத்துக்குப் போட்ட தலையணைகளை ஆளுக்கொன்றாக இழுத்து வைத்து, முட்டி போட்டு அமுக்கோ அமுக்கு என்று அமுக்கின. "ஒண்ணு, டெண்டு, மூணு..." எட்டு வந்ததும் எட்டுத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்து கதவைப் பார்த்தன.

கதவருகே நின்ற அத்தை யோசிக்காமல், "சரி" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மட்டும் சரி கிடைத்த திருப்தியில் தலையணையை ஆளுக்கு ஆள் வீசி விளையாடப் போய்விட்டன.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, கூடத்தைப் பெருக்கிக்கொண்டே அத்தை ஆரம்பித்தாள். "தேதியைத் தள்ளி வெச்சிடலாம்னு இருக்கேன். அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"தள்ளி வெச்சுத் தள்ளி வெச்சுத்தான் உனக்குத் தலை நரைச்சது. இன்னொரு தடவை தள்ளினே, உன் மருந்துக் கடையில உனக்கே தைலம் வாங்க வேண்டியதுதான்."

"அப்ப எட்டுல ஏன் நிக்கிறீங்க?"

"தெரிஞ்சா நிப்பேனா?"

அத்தை துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். "அண்ணி, நேராவே கேக்கிறேன். நான் போகணும்னு உங்களுக்கு இருக்கா, இல்லையா?"

பெரியம்மா மூலையில் கிடந்த ஒற்றைக் காலுறையை எடுத்து அதன் ஜோடியைத் தேடுவது மாதிரிக் கொஞ்ச நேரம் தேடினாள். "போகணும்னும் இருக்கு. போகாதேன்னும் இருக்கு. ரெண்டும் ஒரே வயித்துல இருந்தா நான் என்னடி பண்ணுவேன்?"

"அன்னிக்கு ஃபெயிலானதும் கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சா?"

"ஒரு நிமிஷம்."

"ஒரே நிமிஷமா?"

"படி இறங்கிற வரைக்கும்."

அத்தை சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும்தான் அண்ணி" என்றாள். "நீங்க ஃபெயில்னு சொன்னதும், 'சரி, இன்னும் கொஞ்ச நாள்'னு எனக்கும் தோணுச்சு. ரெண்டு பேருமே திருடிங்கதான்."

*

குளிர்காலம் முடிந்துபோனதால் பிள்ளைகளின் குட்டி மெத்தைப் போர்வைகளைப் பெட்டியில் கட்டி வைக்கிற வேலை பாக்கியிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம், எட்டும் தூங்கிய நேரத்தில், இரண்டு பேரும் அதை எடுத்தார்கள். பஞ்சு வைத்த போர்வைகள். ஒன்று உள்ளே போனால் இன்னொன்று வெளியே வரும். பெரியம்மா தகரப் பெட்டியின் முன் முட்டி போட்டு, இரண்டு கையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல் காற்றைப் பிதுக்கி வெளியேற்றிக்கொண்டிருந்தாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மீதியை மடித்தாள்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்து சாயங்காலம் வீட்டுல எல்லாருக்கும் சாப்பாடு போடலாம்னு சொன்னீங்களே. பழைய பிள்ளைங்க யார் யாரைக் கூப்பிடறது?"

"பள்ளிக்கூடம் போற வரைக்கும் நம்மகிட்ட இருந்தவங்க எல்லாரையும்தான்."

"எல்லாரையும் ஞாபகம் இருக்கா?"

"என்ன கேள்வி கேக்கிற!" பெரியம்மா பெட்டியை அமுக்கிக்கொண்டே, வந்த வரிசையில் அவர்களின் செல்லப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். "குண்டு. பப்பு. சுண்டு. மொட்டை. பூனை. கோலி. வாத்து. சோடா." அமுக்குக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு அமுக்கு. "பட்டு. கீச்சு. மூத்த ரெட்டை. இளைய ரெட்டை. பந்து. சக்கரை..."

அத்தையின் கை மடிப்பில் பாதியோடு நின்றுவிட்டது. வாயைத் திறக்காமல் விரல்களை மட்டும் மடக்கிக்கொண்டே வந்தாள். பெரியம்மா நிற்கவில்லை. நிமிரவில்லை. கதவைப் பார்க்கவில்லை. போர்வை மூச்சுவிட்டு மூச்சுவிட்டு அடங்கிக்கொண்டிருந்தது. "...ராஜா. கொசு. தொப்பி. அவ்வளவுதான். ஏண்டி, பேயைக் கண்ட மாதிரி முழிக்கிற?"

"அண்ணி! எட்டைத் தாண்டிட்டீங்க!"

"எந்த எட்டை?"

"இருபத்தொம்போது! ஒரே மூச்சுல, நிக்காம, முழங்கை மடங்காம!"

சத்தத்தில் இரண்டு குழந்தைகள் எழுந்துவிட்டன. அவற்றைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு வந்து, குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். எண் என்று வந்தால் பெரியம்மாவின் நாக்கு சரி கேட்டுக் காத்திருக்கிறது. பிள்ளைகள் என்று வந்தால் அது யாரிடமும் சரி கேட்பதில்லை.

"ஆனா முப்பது வேணுமே. ஒண்ணு குறையுது" என்றாள் அத்தை. "யாரையாவது ரெண்டு தடவை சொல்லிடுங்க."

"பிள்ளைங்களை ரெண்டு தடவை எண்ணினா உரிமம் போயிடும்."

"அப்ப இப்ப இருக்கிற எட்டுல ஒண்ணைச் சேருங்க."

"ஒண்ணைச் சேர்த்தா மீதி ஏழும் கோவிச்சுக்கும். நீ விடு. முப்பதுக்கு ஆள் இருக்கு."

"யாரு?"

"போர்வையை மடி."

*

சனிக்கிழமை மருந்துக் கடைக்காரரின் சின்னக் காரில் எல்லாருமாகப் போனார்கள். அவர் வழியில் பேசியது ஒரே வார்த்தைதான். "தைரியமா பண்ணுங்க அக்கா" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே வியர்த்துவிட்டது; பாவம், அவர் கல்யாணம் ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சில் அல்லவா இருக்கிறது.

மாடி அறையின் கதவு பாதி கண்ணாடி. வெளியே வராந்தாவில் பெரியப்பாவும் மருந்துக் கடைக்காரரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அத்தை உட்காரவில்லை. கண்ணாடியை ஒட்டி நின்றாள். நின்ற பிறகுதான், கதவருகே தான் நிற்பதே ஆபத்து என்று தோன்றியது. சட்டென்று சுவரோரம் விலகி, காதை மட்டும் கதவிடுக்கில் கொடுத்தாள்.

உள்ளே ஆம்புலன்ஸ்காரரிடம் பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "வாய்விட்டு எண்ணணும்னு சொன்னீங்களே. ஒண்ணு ரெண்டுன்னுதான் எண்ணணும்னு விதி இருக்கா?"

அவர் அலமாரியிலிருந்த தடித்த புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கம் புரட்டினார். "முப்பதுல நிக்கணும். வேகம் மாறக் கூடாது, நிமிஷத்துக்கு நூறுக்குக் குறையக் கூடாது. ஆழம் சரியா இருக்கணும். எந்த வார்த்தையைச் சொல்லி எண்ணணும்னு எதுவும் காணோம்." புத்தகத்தை மூடினார். "ஏன், பாட்டுப் பாடப் போறீங்களா?"

"பிள்ளைங்களைக் கூப்பிடப் போறேன்."

பொம்மையின் தோளைத் தட்டினாள். உதவிக்கு ஆள் அனுப்பச் சொன்னாள். கையை வைத்தாள். ஒரு தரம் மூச்சை இழுத்துவிட்டாள்.

"வாலு."

டிக்.

கதவுக்கு வெளியே அத்தையின் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. நாக்கைத் துருத்திக் காட்டிய அந்த முதல் நாள் அண்ணி வைத்த பெயர் அது. அத்தை ஆன பிறகு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவளே மறந்துபோயிருந்தாள்.

"குண்டு. பப்பு. சுண்டு. மொட்டை. பூனை. கோலி. வாத்து."

அதுதான் எட்டு. பொம்மையின் டிக் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா காலால் இல்லாத பிரேக்கை மிதித்தார்.

"சோடா. பட்டு. கீச்சு." குரல் தடுமாறவில்லை. பெயர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன, காலையில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடிவருகிற மாதிரி. "...ராஜா. கொசு. தொப்பி."

இரண்டு மூச்சு. பொம்மையின் நெஞ்சு ஏறி இறங்கியது. மறுபடியும், "வாலு."

ஆம்புலன்ஸ்காரர் போதும் என்று சொல்லும்வரை அவள் நிறுத்தவில்லை. குழந்தைப் பொம்மைக்கும் முடித்தாள். கைக்குழந்தைப் பொம்மைக்கும் முடித்துவிட்டு, அதைத் தோளில் போடாமல் பாயிலேயே விட அவள் கை கொஞ்சம் தவித்தது; ஆனாலும் விட்டுவிட்டாள்.

கையெழுத்துப் போட்ட அட்டையை நீட்டியபோது அவர் சொன்னார்: "ரெண்டு வருஷம் செல்லும். மறுபடி வரும்போது வாலு யாருன்னு சொல்லணும்."

"அதோ, கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்குது பாருங்க. அன்னிக்கும் அப்படித்தான் நின்னுது."

அத்தை உள்ளே வந்தாள். பதினொரு வயதில் செய்த மாதிரி நாக்கைத் துருத்திக் காட்டினாள். பிறகு அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெரியம்மாவின் கை அவள் முதுகைத் தட்டத் தொடங்கியது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

கார் கிளம்பின பிறகு பெரியப்பாவுக்குக் குறை. "ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் வந்துடுச்சு, என் தங்கச்சியும் வந்துட்டா. நான் எங்க வரேன்?"

"முப்பது முடிஞ்சதும் ரெண்டு மூச்சு விடுறேன் இல்ல? அது நீங்கதான்."

அவருக்கு முகம் மலர்ந்தது. "ரெண்டுமா?"

"ரெண்டும். உங்களோட வாழ்ந்ததுல விட்ட பெருமூச்சு."

மருந்துக் கடைக்காரர் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். கார் லேசாக ஆடியது.

*

கல்யாணம் முடிந்து அத்தை பக்கத்து ஊருக்குப் போன மறுநாள் காலை, ஆய்வாளர் அம்மா வந்து அட்டையைப் பார்த்தார், எண்ணைக் குறித்துக்கொண்டார். கதவு திறந்தே இருந்தது. பிள்ளைகள் வந்து செருப்பைக் கழற்றின. பெரியம்மா தலை தலையாகத் தொட்டு வந்தாள்.

"...ஆறு, ஏழு, எட்டு."

நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். பழக்கம். அங்கே பெரியப்பா நின்றிருந்தார், குளித்துச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, முதல்நாள் வேலைக்கு வந்தவர் மாதிரி.

"ஏழுதான் வருது" என்றார் கலவரமாக.

"உங்க தோள்ல ஒண்ணு உக்காந்திருக்கு."

பெரியப்பா மேலே பார்த்தார். மேலே இருந்தது அவர் காதைத் திருகியது. "அட, ஆமாம். எட்டு. சரி!"

ஆய்வாளர் தன் பையை மூடினார். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நீங்க கடைக்கு, ஆஸ்பத்திரிக்குன்னு வெளிய போனா, அந்த நேரத்துக்கும் சர்டிபிகேட் உள்ள ஒருத்தர் வேணும். இன்னொருத்தர் யாராவது எடுத்து வெச்சுக்கிறது நல்லது."

எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நானா? போன்ல இல்லையே?"

"தரையில. முட்டி போட்டு" என்றாள் பெரியம்மா.

"முப்பது வரைக்கும் எனக்கு யாரைத் தெரியும்? நான் யாரைச் சொல்லி எண்ணுவேன்?"

"ஆளு எதுக்கு? உங்களுக்குத்தான் முப்பது ஸ்டாப்பு இருக்கே. ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே போங்க." பெரியம்மா அவர் தோளிலிருந்த பிள்ளையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. நடுவுல எவன் கை காட்டினாலும் வண்டியை நிறுத்தக் கூடாது."